குவாட் ஸ்கேட்டில் கால் அசைவுகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரங்கள் கொண்ட குவாட் ஸ்கேட்டில் நேராக உருளத் தெரியும். முப்பத்தைந்து வயதில் கிராஸ்ஓவர் (வளைவில் ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே வைப்பது) போன்ற கால் அசைவுகளைக் கற்க முடியுமா?

முடியும். நான் தொடங்கியது முப்பத்தெட்டில். ஆனால் கிராஸ்ஓவரைச் சில வாரங்கள் தள்ளி வையுங்கள். உருண்டுகொண்டே ஒற்றைக் காலில் ஐந்து எண்ணும் வரை நிற்க வருகிறதா? இடது, வலது இரண்டிலும்? அது வராதவரை எந்த அசைவும் கூடிவராது. எல்லா அடிகளுமே உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் வேலைதான்.

முட்டியை மடக்கச் சொல்வார்கள். எவ்வளவு என்று சொல்வதில்லை. குனிந்து பார்த்தால் முட்டி டோ ஸ்டாப்பரை, அதாவது ஸ்கேட்டின் முன்நுனியில் உள்ள பிரேக்கை, மறைக்க வேண்டும். அவ்வளவு.

அடுத்தது லெமன்: இரு கால்களும் விரிந்து சேர்ந்து எலுமிச்சை வடிவம் போடும் பயிற்சி. குதிகால்களைச் சேர்த்து, நுனிகளை விரித்து நில்லுங்கள். முட்டியை மடக்கி உள்விளிம்பை, அதாவது பாதத்தின் உள்பக்கத்தை, அழுத்தினால் கால்கள் தாமாக அகலும். தோள் அகலத்தைத் தாண்டியதும் நுனிகளை உள்ளே திருப்பி, நிமிர்ந்தபடியே கால்களைச் சேர்த்துவிடுங்கள். எட்டுச் சக்கரங்களும் கடைசிவரை தரையிலேயே இருக்கும். முன்னோக்கி வந்த பிறகு பின்னோக்கியும் பழகுங்கள்.

விளிம்பு பிடிபடவில்லை என்றால் ஸ்கேட்டின் அடியைப் பாருங்கள். சக்கர அச்சுக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் இருக்கும். பாதத்தைச் சாய்த்த பக்கமே சக்கரங்கள் திரும்புவது அதனால்தான். 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழிவந்தது. அந்த வளையத்தை இறுக்கும் நட் என் புது ஸ்கேட்டில் கல்லாக இருந்ததை இரண்டு மாதம் நான் கவனிக்கவில்லை. கால்வாசிச் சுற்று தளர்த்திய அன்று மாலையே வளைவுகள் வரத் தொடங்கின. ஒரேயடியாகத் தளர்த்திவிடாதீர்கள், ஸ்கேட் தள்ளாடும்.

இனி கிராஸ்ஓவர். இடப்பக்கமாக வட்டமிடும்போது வலது கால் இடது காலைத் தாண்டி முன்னே வந்து அமர்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தாண்டல்தான். வேகம் தருவதோ, அடியில் சிக்கிய இடது கால் தன் வெளிவிளிம்பால் வட்டத்துக்கு வெளியே தள்ளும் தள்ளல். அதைத் தனியாகப் பழகுங்கள்: சுவரைப் பிடித்து நின்று, கால்களைக் குறுக்கே வைத்து, அடிக்காலை மட்டும் வழுக்கித் தள்ளிப் பாருங்கள்.  முட்டி வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் இறங்காதீர்கள். விழும்போது கை தன்னால் தரையைத் தேடும். ரிங்கில் (ஸ்கேட்டிங் தளத்தில்) பெரும்பாலும் எல்லோரும் இடப்பக்கமாகவே சுற்றுவதால் வலப்பக்க வளைவு வராமலே போய்விடும். கூட்டம் சேராத காலை நேரமாகப் போய் அந்தப் பக்கமும் சுற்றுங்கள்.