இரண்டு சீலா, இரண்டு முகம்

அன்புள்ள ஐயா,
ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துக்குப் போயிருந்தேன். அரை மணி நேரத்தில் 120 படம் எடுத்தேன். ஆனால் அந்தச் சுவரோவியங்களில் மனம் ஒட்டவில்லை. ரசனை அவரவர் விருப்பம் என்கிறார் நண்பர். ஓவியத்தை ரசிக்க எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?
பரமக்குடி வாசகர்

அன்புள்ள தம்பி,

புத்தகம் இருக்கட்டும். நண்பர் சொன்னதையும் விடுங்கள். அரை மணி நேரத்தில் 120 படம் என்றால் ஒன்றுக்குப் பதினைந்து நொடி. சேதுபதி படையும் தஞ்சை மராத்தியர் படையும் மோதுகிற சுவருக்கும் அதே பதினைந்து நொடிதானா? நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? போன்தான் பார்த்தது.

போன மாதம் என் பெரியம்மா இறந்துபோனார். அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். பாம்பனில் கருவாட்டு வியாபாரம். கையெழுத்துப் போடத் தெரியாது. விடியற்காலை ஏலத்துக்கு என்னையும் கூட்டிப் போவார். இரண்டு சீலா மீனை அருகருகே வைத்து, "எது இன்னைக்குப் பட்ட மீன், சொல்லு" என்பார். சும்மா கையைக் காட்டினால் விடமாட்டார். "எதை வச்சுச் சொல்றே?" செவுளைத் தூக்கிக் காட்டுவார்: ஒன்று ரத்தச் சிவப்பு, மற்றது வெளிறிப் பழுப்பேறியது. வயிற்றை விரலால் அழுத்தினால் பழைய மீனில் குழி அப்படியே நிற்கும். ஒரு வருடம் தப்புத் தப்பாகச் சொன்னேன். அப்புறம் கூடையைப் பார்த்ததுமே தெரிந்தது.

பல வருடம் கழித்து ராமலிங்க விலாசத்தில் அதையே செய்தேன். இரண்டே இரண்டு முகங்கள். இரண்டும் பக்கவாட்டு முகம், இரண்டுக்கும் ஒரே மாதிரி அகன்ற கண். ஒன்றில் நெற்றியிலிருந்து மோவாய் வரை கோடு ஒரே இழுப்பில் இறங்குகிறது. இன்னொன்றில் மூக்கு நுனியில் நின்று, தடித்து, மறுபடி கிளம்புகிறது. ஒன்று குருவின் கை, மற்றது சீடப் பையனின் கை என்றே நினைக்கிறேன். இதைப் பார்க்க எனக்கு ஒரு முழுக் காலை ஆனது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ ஒரு பையன் கை தயங்கிய இடம். கண் கலங்கிவிட்டது, தம்பி.

பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கீழக்கரை பழைய ஜும்மா பள்ளிவாசல் தூண்களையும் திருப்புல்லாணிக் கோயில் தூண்களையும் ஒரே நாளில் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்தான். கோயில் தூணில் உருவங்கள் உண்டு, பள்ளிவாசலில் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். அதைத் தவிர ஒரு வித்தியாசம் கண்டுபிடித்து எழுதுங்கள். அதுவரை புத்தகத்தின் பெயர் சொல்ல மாட்டேன்.