ஊர்க்கடனும் பாதுகாப்பு அனுமதியும்

தம்பி, கிரீன் கார்டில் இப்போதுதான் அமெரிக்கா வந்திருக்கிறீர்கள். குடியுரிமை பெற்றபின் ராணுவத் துறையில் கணினி வேலைக்குப் போக ஆசை; கடலூர் வங்கியில் கல்விக்கடன் தவணை நின்றுபோயிருக்கிறது, அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதி மறுக்கப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் இருப்பதாலேயே மறுத்துவிட மாட்டார்கள். கண்டுகொள்ளாமல் விட்ட கடன்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இந்த அனுமதிக்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. வேலை தருபவர் வழியாகத்தான் போகும். எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம் தருவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் தவணை தவறியதுண்டா, கடன் வசூல் நிறுவனத்துக்குப் போனதா, வரி பாக்கி உண்டா என்று துருவித் துருவிக் கேட்கும். நம் ஊர் வங்கிகள் 90 நாள் தாண்டினாலே வாராக்கடனில் சேர்த்துவிடுகின்றன. உங்கள் தவணை நின்று 120 நாளும் தாண்டியிருந்தால், அந்தக் கடன் இந்தக் கேள்விக்குள் வந்தே தீரும். "இந்தியக் கடன் இங்குள்ள கடன் அறிக்கையில் தெரியாது, எழுதாதே" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தெரிந்தே மறைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடனை மன்னிப்பவர்களும் பொய்யை மன்னிப்பது அரிது.

அனுமதி தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள 13 வழிகாட்டு நெறிகளில் ஒன்று பண விவகாரம். பண நெருக்கடியில் இருப்பவரை யாரும் விலைக்கு வாங்கலாம் என்ற அச்சம்தான் அதன் அடிப்படை. ஆனால் வேலையிழப்பு, நோய், விவாகரத்து போன்ற கைமீறிய காரணங்களை அதே நெறி ஏற்கவும் செய்கிறது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகியதில் அப்பாவின் கடை மூழ்கி, தவணை நின்றது என்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம். ஆனால் வெள்ளம் வடிந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அடுத்த கேள்வி.

எனக்குத் தெரிந்த திருப்பாதிரிப்புலியூர்க்காரர் ஒருவர் தன் ஊர்க்கடனைச் சிறுகச் சிறுகக் கட்டிவந்தார். விசாரணை அதிகாரி அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையில் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்து, தவணை விழாத ஒரு மாதத்தில் நின்றார். மனைவியின் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவமனை ரசீதை நீட்டினார் இவர். விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அனுமதியும் கிடைத்தது.

வேலை கிடைத்தபின் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று காத்திருக்காதீர்கள்; அனுமதிக்காகவே கட்டியதுபோல் தெரியும். சிறு தொகையானாலும் இந்த மாதமே தொடங்குங்கள். அதற்காக இங்குள்ள கிரெடிட் கார்டு பாக்கியைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அப்பாவை வங்கிக்கு அனுப்பி, தவணையைக் குறைத்து மாற்றியமைக்கக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் அந்தக் கடிதத்தை முத்திரையோடு ஆங்கிலத்தில் வாங்கட்டும். கடை மூழ்கியதற்குக் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று வீட்டில் இருந்தால், அதையும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.