பயத்தைப் பட்டியலிடும் பக்கங்கள்

வணக்கம்.

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இருக்கிற பணம் முழுவதும் டெபாசிட்டில்தான் கிடக்கிறது. பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் மகன், அதில் ஒரு பகுதியை எடுத்து அமெரிக்க டெக்னாலஜி ஷேர்களில் போடலாம் என்கிறான். படிக்காமல் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் அந்தப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் ஆண்டறிக்கையை வாங்கி உட்கார்ந்தேன். ரிஸ்க் என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நிலநடுக்கம் வரலாம், போர் வரலாம், ஹேக்கர்கள் நுழையலாம், முக்கியமான ஆட்கள் வேலையை விட்டுப் போகலாம், அரசாங்கம் தடை போடலாம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் மாதிரி இருக்கிறது. அதைப் படித்தால் யாரும் மாத்திரை போட மாட்டார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். இதெல்லாம் உண்மையா, வக்கீல்கள் சொல்லி எழுதிய சடங்கா? இன்னொன்று, இந்தக் கம்பெனியை ஹேக் செய்துவிட்டார்கள், அந்தக் கம்பெனியில் டேட்டா திருட்டு என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆனால் கொஞ்ச நாளில் ஷேர் பழையபடி ஏறிவிடுகிறது. அப்படியானால் முதலீடு செய்கிறவன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையா?

தங்கள் வாசகர்,
ஈரோடு

*

அன்புள்ள ஐயா,

உங்கள் வீட்டில் அந்தப் பக்கங்களைப் படித்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். சடங்குதான், ஆனால் காரணத்தோடு வந்த சடங்கு. 1995இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. ஒரு நிறுவனம் எதிர்காலத்தைப் பற்றி ஏதோ கணித்துச் சொல்கிறது, அது பொய்த்துப் போகிறது. ‘இன்னின்ன காரணத்தால் இது நடக்காமலும் போகலாம்’ என்று முன்பே உருப்படியாக எச்சரித்திருந்தால், முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். பிறகு 2005இல், ரிஸ்க் பகுதியை ஆண்டறிக்கையிலேயே வைக்க வேண்டும் என்று அங்கே பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி கட்டாயமாக்கியது. எழுதினால் பாதுகாப்பு, எழுதாமல் விட்டால் வம்பு. இப்படி இருந்தால் எந்த வக்கீல் குறைத்து எழுதச் சொல்வார்? 2020இல், 15 பக்கத்தைத் தாண்டினால் இரண்டு பக்கத்துக்குள் ஒரு சுருக்கம் வைக்க வேண்டும் என்றார்கள். நீளம் குறையும் என்று நினைத்திருப்பார்கள் போல. பல நிறுவனங்கள் நீளத்தை அப்படியே விட்டுவிட்டு, சுருக்கத்தையும் மேலே சேர்த்துக்கொண்டன.

எனவே உங்களுக்கு வந்த சலிப்பு நியாயமானது. ஆனால் நிலநடுக்கத்தையும் போரையும் படித்துப் பயப்படுவதற்கு முன்னால், அந்தப் பட்டியலில் ஏற்கெனவே நடந்துவிட்டது எது என்று கேளுங்கள். என் பார்வையில் இந்தப் பக்கங்களின் பெரிய கோளாறு அங்கேதான்.

யாஹூவைப் பாருங்கள். 2014 கடைசியில் அதன் பயனாளர் தகவல் கிடங்குக்குள் புகுந்து, 50 கோடிக் கணக்குகளின் விவரங்களை எடுத்துச் சென்றுவிட்டார்கள். பாதுகாப்புக் குழுவுக்குச் சில நாட்களிலேயே தெரியும், மேலிடத்துக்கும் தகவல் போயிற்று. ஆனால் அதற்கடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளில், டேட்டா திருட்டு நடக்கக்கூடும், நடந்தால் தொழில் பாதிக்கப்படக்கூடும் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2016 ஜூலையில் வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் யாஹூவின் இணையத் தொழிலை 483 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. செப்டம்பரில்தான் திருட்டு வெளியே வந்தது. டிசம்பரில், 2013இல் அதைவிடப் பெரிய திருட்டு ஒன்று நடந்ததும் தெரிந்தது. கடைசியில் 35 கோடி டாலரைக் குறைத்துக்கொண்டுதான் வெரைசன் வாங்கியது. யாஹூவின் 300 கோடிக் கணக்குகளும் 2013 திருட்டில் போயிருந்தன என்பது வியாபாரம் முடிந்த பிறகு வெளிவந்த சேதி. 2018இல் எஸ்இசி 3.5 கோடி டாலர் அபராதம் போட்டது. திருட்டு நடந்ததற்கு அல்ல, நடந்ததை மறைத்து ‘நடக்கலாம்’ என்று எழுதியதற்கு.

யாஹூ மட்டும் என்றால் விட்டுவிடலாம். பயனாளர்களின் டேட்டா தவறாகப் பயன்படுத்தப்பட்டது ஃபேஸ்புக்குக்கு 2015லேயே தெரியும். தெரிந்தும் அதை வெறும் சாத்தியமாகவே எழுதி வந்தது என்று 2019இல் 10 கோடி டாலர் கட்ட வைத்தார்கள். பல நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்கைக் கண்காணிக்கப் பயன்படுத்திய சோலார்விண்ட்ஸ் மென்பொருள் வழியாக நடந்த ஊடுருவல்கள் 2020 டிசம்பரில் வெளிவந்தன. அதில் தன்னிடமிருந்து கிகாபைட் கணக்கில் டேட்டா வெளியே போனது தெரிந்தும், யுனிசிஸ் என்ற ஐடி சேவை நிறுவனம் அதே பாணியில் எழுதியது. 2024இல் 40 லட்சம் டாலர் கட்டியது. ஃபேஸ்புக்குக்கு 10 கோடி டாலர் ஒரு செலவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவேளை அதனால்தான் இந்தப் பழக்கம் போகவில்லையோ என்னவோ.

2023 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் விதி மாறியிருக்கிறது. நடந்த ஊடுருவல் முதலீட்டாளர்கள் அறிய வேண்டிய அளவுக்குப் பெரிது என்று நிறுவனம் முடிவு செய்த நாளிலிருந்து நான்கு வேலை நாட்களுக்குள் தனியாக அறிவிக்க வேண்டும். ‘முடிவு செய்த நாளிலிருந்து’ என்பதில் இருக்கும் ஓட்டையை, தணிக்கை பார்த்துப் பழகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எப்படித்தான் படிப்பது? ஓர் ஆண்டு அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். முந்தைய இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். வரிக்கு வரி அப்படியே இருப்பதைத் தாண்டிப் போங்கள். புதிதாக வந்த பத்தி, மேலே ஏறிய தலைப்பு, சத்தமில்லாமல் காணாமல் போன வாக்கியம், இவற்றில் நில்லுங்கள். முக்கியமாக, எண் வந்தால் நில்லுங்கள். யாரும் ஒரு சடங்குக்காக எண்ணை எழுதுவதில்லை.

உதாரணத்துக்கு, ஏஐக்கான சிப்களை விற்கும் என்விடியா. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் மொத்த வருமானத்தில் மூன்று நேரடி வாடிக்கையாளர்களின் பங்கு முறையே 12, 11, 11 சதவீதம். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூன்று பேரிடமிருந்து. உங்கள் கிளையில் மூன்று பேர் மட்டும் மொத்தக் கடனில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியிருந்தால் ஆடிட்டர் சும்மா விட்டிருப்பாரா? அதேபோல, உயர்ரக சிப்களைச் சீனாவுக்கு விற்பதில் அமெரிக்க அரசு 2022இல் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அந்தப் பகுதி ஒவ்வோர் அறிக்கையிலும் நீண்டுகொண்டே போனது. 2025 ஏப்ரலில், சீனாவுக்கென்றே செய்த எச்20 சிப்புக்கும் உரிமம் வேண்டும் என்றார்கள். அந்தக் காலாண்டில் மட்டும் 450 கோடி டாலர் நஷ்டக்கணக்கு எழுத வேண்டியிருந்தது. அறிக்கைகளை வரிசையாகப் படித்தவருக்கு இது இடி விழுந்த மாதிரி இருந்திருக்காது. ஆனால் இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஷேர் ஏறியது என்பதையும் உங்கள் மகன் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும், உண்மைதான்.

இரண்டாவது சந்தேகம் எனக்குப் பிடித்தது. ஹேக் ஆனாலும் ஷேர் ஏன் திரும்ப ஏறுகிறது?

ஈக்விஃபாக்ஸ் என்ற நிறுவனம் அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைத்திருப்பது, நம்மூர் சிபில் செய்வதுபோல. அவர்கள் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் ஓட்டை இருப்பது 2017 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது, அடைப்பதற்கான வழியும் அப்போதே கிடைத்தது. அவர்கள் அடைக்கவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை கடைசிவரை உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. செப்டம்பரில் அறிவித்ததும் ஒரே வாரத்தில் ஷேர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. தலைமை அதிகாரி பதவி விலகினார். 2019இல் 70 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த 2019லேயே ஷேர் பழைய விலைக்கு வந்துவிட்டது.

ஏன் என்றால், விவரம் பறிபோன 14.7 கோடிப் பேரும் ஈக்விஃபாக்ஸின் வாடிக்கையாளர்கள் இல்லை. வாடிக்கையாளர்கள் வங்கிகள். அடிபட்டவர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போக முடியாது, என் விவரத்தை வைத்துக்கொள்ளாதே என்று சொல்லவும் வழியில்லை. நஷ்டம் ஒருவருக்கு, வியாபாரம் இன்னொருவரோடு.

கிரவுட்ஸ்ட்ரைக் கதை வேறு. அது ஹேக்கே இல்லை. பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனம் 2024 ஜூலை 19 அன்று தானே அனுப்பிய கோளாறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. நம்மூர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். இரண்டு வாரத்தில் ஷேர் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, நவம்பருக்குள் திரும்பி வந்தது. இங்கே அடிபட்டவர்கள் வாடிக்கையாளர்கள்தான். ஆனால் ஒரு பெரிய நிறுவனம் தன் ஆயிரக்கணக்கான கணினிகளில் பாதுகாப்பு மென்பொருளை மாற்றுவது எளிதில் ஆகிற காரியமில்லை. திட்டிக்கொண்டே சந்தாவைப் புதுப்பிப்பார்கள்.

இப்போது டிஜிநோட்டார். நெதர்லாந்தில் ஒரு சின்ன நிறுவனம். ‘இந்த இணையதளம் அசல்தான்’ என்று பிரவுசர்களுக்கு உறுதி சொல்லும் சான்றிதழ்களை வழங்குவது தொழில். 2011 ஜனவரியில் வாஸ்கோ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் இதை விலைக்கு வாங்கியது. ஜூனில் ஊடுருவினார்கள். கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் தயாரித்து ஈரானில் மக்களின் ஜிமெயிலை வேவு பார்க்கப் பயன்படுத்தினார்கள். ஆகஸ்ட் கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மொஸில்லா, கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் டிஜிநோட்டாரைத் தங்கள் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரிலேயே திவால். வாங்கி ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

ஆகவே ஹேக் செய்தி வந்தால் எத்தனை கோடிக் கணக்குகள் போயின என்று பார்க்காதீர்கள். அடிபட்டவருக்கு விலகிப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஈக்விஃபாக்ஸில் வழி இல்லை. யாஹூவில் இருந்தது, ஜிமெயில் பக்கத்திலேயே இருந்தது. டிஜிநோட்டாரில் மூன்று பிரவுசர் நிறுவனங்கள் கைவிட்டதும் கதை முடிந்தது. இந்தக் கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. மக்களை எவ்வளவு கட்டிப்போட்டு வைத்திருக்கிறதோ அவ்வளவு பத்திரமான முதலீடு என்று ஆகிறது. ஆனால் சந்தை அப்படித்தான் கணக்குப் போடுகிறது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கொடுக்கிற விலையே அதிகம் என்பது பெரிய ரிஸ்க். ‘எங்கள் ஷேர் விலை ஏறி இறங்கலாம்’ என்று எழுதுவார்கள், ‘இப்போது அதிகமாக இருக்கிறது, வாங்காதீர்கள்’ என்று எழுத மாட்டார்கள். (எலான் மஸ்க் மட்டும் 2020 மே மாதம் டெஸ்லா விலை அதிகம் என்று ட்விட்டரில் எழுதினார். அன்றைக்கு 10 சதவீதம் விழுந்தது, பிறகு பல மடங்கு ஏறியது. அவர் சொன்னதை நம்பி விற்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) நெட்வொர்க் கருவிகள் விற்கும் சிஸ்கோவின் ஷேர் 2000 மார்ச்சில் 80 டாலரைத் தொட்டது. மோசடி நிறுவனம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அதன் ஆண்டு வருமானம் மூன்று மடங்கானது. ஆனால் அந்த 80 டாலரை மறுபடி தாண்டியது 2025 டிசம்பரில்தான். இடையில் கொஞ்சம் டிவிடெண்ட் வந்திருக்கும், அவ்வளவுதான். உச்சத்தில் வாங்கியவர் அப்போது உங்கள் வயதில் இருந்திருந்தால் யோசித்துப் பாருங்கள்.

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் 36 டாலருக்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 47க்கு மேல் முடிந்தது. பத்திரிகைகளில் ஒரே கொண்டாட்டம். அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியீட்டு விலைக்குக் கீழே போய்விட்டது. இதுவரை நஷ்டம்தான் என்பது வெளியீட்டு ஆவணத்திலேயே இருந்தது, யாரும் மறைக்கவில்லை. மும்பையில் அதே ஆண்டு நவம்பரில் பேடிஎம், 2,150 ரூபாய் விலையில் வந்து, முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. அங்கேயும் நஷ்டக் கணக்கு ஆவணத்தில் இருந்தது.

உங்கள் வீட்டு விஷயத்தில் இரண்டே வார்த்தை. மகனுக்குச் சம்பளம் வருவது டெக்னாலஜி துறையிலிருந்து. கம்பெனி ஷேர் ஏதாவது கொடுத்திருந்தால் அதுவும் அங்கேதான். இப்போது அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தையும் அதே துறையில் போடச் சொல்கிறார். துறைக்கு ஒரு கெட்ட வருடம் வந்தால் வேலை, மகன் சேமிப்பு, உங்கள் சேமிப்பு மூன்றும் ஒரே சமயத்தில் ஆடும். எந்தக் கம்பெனி அறிக்கையிலும் இந்தப் பத்தி இருக்காது.

இன்னொன்றும் இருக்காது. உங்கள் பெயரில் நேரடியாக அமெரிக்க ஷேர் வாங்கி, உங்கள் காலத்துக்குப் பிறகு அது குடும்பத்துக்குப் போகும்போது, 60,000 டாலருக்கு மேல் இருந்தால் அமெரிக்க அரசு அதன்மேல் எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி) கேட்கும். மேல்மட்ட விகிதம் 40 சதவீதம். இந்த வரிக்கு இந்தியாவோடு அவர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. ஷேர் வாங்கித் தரும் செயலிகள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் போனால் உங்கள் கையில் இருப்பது இந்திய யூனிட், இந்தத் தொல்லை வராது. செலவு கொஞ்சம் கூடும்.

எவ்வளவு போடலாம் என்பதை நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்குபவராகப் பார்த்துப் போங்கள். ஃபண்ட் கம்பெனியிடம் கமிஷன் வாங்குபவரிடம் வேண்டாம். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.