பகடை மேசை: கேள்வி – பதில்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டை ஆடும் நாங்கள் நால்வர், எங்கள் வீரர்கள் எல்லோரும் மூன்றாம் நிலை. ஒற்றைக் கார்காயிலை (சிலைபோல் இருந்து பாயும் பறக்கும் கல் அரக்கன்) வீழ்த்தவே ஒரு மாலை போய்விட்டது. எங்கே பிழை?

பதில்: ஆயுதத்தில்தான். 2014 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி அதன் ஆர்மர் கிளாஸ் (தாக்குதல் பட எட்டவேண்டிய எண்) 15, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 52. மந்திரமில்லாத வாளோ அம்போ பட்டால் சேதத்தில் பாதிதான் சேரும். அடமன்டைன் என்ற மிகக் கடின உலோக ஆயுதத்துக்கு மட்டும் விலக்கு. வெள்ளி பூசியும் பயனில்லை. 7 சேதம் தரும் வாள்வெட்டில் உள்ளே போவது 3. அப்படியானால் குறி தவறாமல் 18 வெட்டு! நஞ்சு அறவே ஏறாது. ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் முழுசாக ஏறும். வாள்வீரரின் வாளுக்கு மந்திரவாதி, ஆயுதத்தை மந்திர ஆயுதமாக்கும் மேஜிக் வெப்பன் போட்டால் பாதிக் கணக்கு ஒழிந்தது.

அதைவிட நல்ல வழி, கீழே தள்ளுவது. முதல் நிலை மந்திரமான டாஷாஸ் ஹிடியஸ் லாஃப்டர் 30 அடி எட்டும். கார்காயிலின் விஸ்டம் (விவேகம்) 11, அதாவது மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையில் கூட்டிக்கொள்ள எதுவுமில்லை. தப்பத் தவறினால் சிரித்துச் சுருண்டு விழும். 30 அடி உயரத்திலிருந்து விழுந்தால் 3 ஆறுமுகப் பகடைச் சேதம். விழுவது தாக்குதல் அல்ல என்பதால் இதில் பாதிச் சலுகை கிடையாது. பல குழுக்கள் இங்கேயும் பாதியாக்கி ஏமாறுகின்றன.

கேள்வி: நான் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர். 'சிலை' என்று வாயெடுத்தாலே "கார்காயில்!" என்று கூவுகிறார்கள்.

பதில்: ஒரே ஒரு சிலையை வர்ணித்தால் கூவத்தான் செய்வார்கள். கூரை விளிம்பில் ஆறு வையுங்கள், மழை பெய்யட்டும். நாலின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கார்காயில் என்ற சொல்லே மழைநீர்த் தூம்பைக் குறிப்பது; தண்ணீர் கொட்டாத இரண்டுதான் அரக்கர்கள், கவனித்தவர் பிழைப்பார். அசையாமல் இருக்கும்வரை பெர்செப்ஷன் (கூர்ந்து கவனிக்கும்) பகடை உருட்டச் சொல்லாதீர்கள், கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது என்பதுதான் விதி.

நாலு மூன்றாம் நிலை வீரர்களுக்கு இரண்டு கார்காயில் கடினம்; மூன்று வந்தால் பிணம் விழும். இன்னொன்று: பாய்ந்து கடித்துவிட்டு மேலே பறந்தால் வீரருக்கு ஒரு இலவச வெட்டு உண்டு. அதை மறந்துவிடும் மாஸ்டர்கள் அதிகம்.

கேள்வி: பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தில் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருப்பது கார்காயில்தானே?

பதில்: இல்லை, கைமேரா, அதாவது அலங்காரத்துக்கான விசித்திர உருவம். 19ஆம் நூற்றாண்டுப் புதுப்பிப்பில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் சேர்த்தது. வாயில் தூம்பு கிடையாது.