எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஐயா, மறுபிறவி உண்மையா? முற்பிறவியைச் சொல்லும் பிள்ளைகளைப் பற்றி மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் எழுதியதை வாசித்தேன். சைவமும் மறுபிறவி உண்டு என்கிறது. என் பெரியம்மா 2009இல் காணாமற்போன மகனுக்கு இன்னும் அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியையைச் செய்யவில்லை. "அவன் ஆன்மா அலையும், அடுத்த பிறவிக்குப் போக விடுங்கள்" என்று சொன்னேன். அழுதார். இப்போது என்னோடு கதைப்பதில்லை. நான் சொன்னது பிழையா?
— வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

பிழைதான். ஆடி அமாவாசை நெருங்குவதால் நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டீவன்சன் 1966இல் வெளியிட்ட இருபது சம்பவங்களில் இலங்கைப் பிள்ளைகளும் உண்டு. அவை மறுபிறவியை எண்ணவைக்கின்றன என்றாரே தவிர, நிரூபித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கன்மம் தீரும்வரை பிறவி உண்டு என்பது சித்தாந்தம். நான் நம்புகிறேன். சரி, அது கிடக்கட்டும்.

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். பெரியம்மா எந்த நாளிலிருந்து எண்ணுவார்? திவசத்துக்கு எந்தத் திதி, வளர்பிறையா தேய்பிறையா? தர்ப்பையால் உருவம் செய்து எரிக்க சாத்திரத்தில் வழி உண்டு என்பீர்கள். அதற்குத் தீ வைக்கச் சொல்வது, பிள்ளை செத்துவிட்டான் என்று பெற்றவளின் வாயாலேயே சொல்லவைப்பது. உடலைக் காட்ட ஆளில்லை, பதில் சொல்ல ஆளில்லை. மகனின் ஆன்மா அலைவதற்கும் அவர்தான் காரணம் என்று நீங்கள் வேறு சொல்லியிருக்கிறீர்கள். படித்த பிள்ளை செய்கிற வேலையா இது?

என் அண்ணன் 1996இல் சைக்கிளில் போனவன், திரும்பவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். ஆடி அமாவாசைக்கு அம்மா காத்தோட்டிக்காய் பொரித்து அப்பாவுக்குப் படைப்பார். ஒரு வருடம் மாமி பக்கத்தில் இன்னொரு இலை போட்டார். அம்மா அந்த இலையை எடுத்து என் முன்னால் வைத்து, சோறு போட்டார். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஏன் படைக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். மாமி பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை.

2013இல் அம்மா போனார். மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்களை எழுதும்போது, அண்ணனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடுவதா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்தியேட்டியன்று கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்திலும் போடவில்லை.

இன்று பின்னேரமே பெரியம்மா வீட்டுக்குப் போங்கள், தம்பி. மன்னிப்புக் கேளுங்கள். அவர் தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அவன் சின்ன வயதில் என்ன குழப்படி செய்தான் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.