சிமுலேட்டர் முறையில் விமானச் சண்டை: மாறலாமா, வேண்டாமா?

கேள்வி: ‘வார் தண்டர் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் விமானச் சண்டையில் ரியலிஸ்டிக் முறை வரை விளையாடியாயிற்று. சிமுலேட்டர் முறைக்கு மாறலாமா? அதில் அப்படி என்ன இருக்கிறது?’

எத்தனை பேரைச் சுட்டோம் என்று கணக்குப் பார்க்கும் ஆள் என்றால் மாற வேண்டாம். அரை மணி நேரம் பறந்துவிட்டு, ஒரு குண்டுகூடச் செலவாகாமல் தரையிறங்கும் நாள்கள் நிறைய வரும். அதிலும் ஒரு சுகம் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காக மேற்கொண்டு எழுதுகிறேன்.

ரியலிஸ்டிக் என்று பெயர் இருந்தாலும் அதில் பாதி வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. மவுஸால் ஒரு இடத்தைக் காட்டினால் போதும். இறக்கையைச் சாய்த்து, மூக்கைத் தூக்கி, விமானத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சிமுலேட்டரில் அந்த உதவி கிடையாது. வெளியே இருந்து பார்க்கும் கேமரா கிடையாது, காக்பிட் கண்ணாடி வழியாகத்தான் உலகமே. எதிரியின் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் பெயர் வராது. ஸ்டிக்கை வேகம் குறைந்த நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, ஸ்பின்னில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

ஜாய்ஸ்டிக் பிடிப்பதுதான் கஷ்டம் என்பார்கள். கை சீக்கிரம் பழகிவிடும். கண் பழகத்தான் நாளாகும். தூரத்தில் எதிரி என்பது திரையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், நம்ம ஆளா அவன் ஆளா என்று தெரிந்துகொள்ள வேண்டும், திரும்பும்போது கோட்டைவிடாமல் இருக்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை, கோர்சேரின் நெளிந்த இறக்கை, ஸ்டூகாவின் மடக்க முடியாத சக்கரம் என்று உருவத்தை வைத்தே அடையாளம் காணப் பழகாதவர்கள் கூட்டாளியையே சுட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் விமானம் தெரிந்தவரிடமிருந்து வரவில்லை. என் மாமா ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு டிரைவர். ஊருக்கு வடக்கே உள்ள கடலில் ராத்திரி முழுக்கத் தொழில் பார்த்துவிட்டு வந்தவர், சாயங்காலம் டீ டம்ளரோடு என் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியின் இடது ஓரத்தில், சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நான் அது எங்கேயோ விலகிப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்னார்: “ஆள் நகரவே இல்ல மாப்ள. நின்ன இடத்துலயே பெருசாகிட்டு வர்றான். நம்ம மேலதான் வர்றான்.”

கடலில் இது அரிச்சுவடி. எதிரே தெரியும் படகு முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே இருந்தால் பயமில்லை. ஒரே திசையில் நின்றபடி நெருங்கினால் மோதல் நிச்சயம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 7-ஆவது விதியே இதைத்தான் சொல்கிறது: நெருங்கி வரும் கப்பல் தெரியும் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால் மோதல் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகாயத்திலும் இதே கணக்குதான். மனிதக் கண் அசைகிற பொருளைத்தான் சட்டென்று பிடிக்கும். நம்மை நோக்கி வருகிறவனோ கண்ணாடியில் அசையாமல் இருப்பான். அதனால்தான் பார்க்காமலே அடிபடுகிறோம். இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு ஆயுதம். தூரத்தில் போகிறவனை மறிக்க வேண்டுமா? அவனை நோக்கி மூக்கை வைக்காதீர்கள், வால் பின்னால் துரத்திக்கொண்டே போவீர்கள். அவன் நம் கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி நம் திசையை மாற்றிக்கொண்டால், சந்திக்கும் இடத்துக்கு நேராகப் போய்ச் சேரலாம்.

கீழே இருந்து மேலே பார்த்தால் வெளிச்சமான வானத்தில் விமானம் கறுப்பாகத் தெரியும். மேலே இருந்து பார்த்தால் தரை நிறத்தில் கரைந்துவிடும். கடலுக்கு மேல் வேறு தொல்லை. வெயில் கொளுத்தும் மூட்டமான மத்தியானத்தில் தனுஷ்கோடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே புரியாது. விளையாட்டிலும் அந்த மாதிரி வானிலையில் வெளியே பார்த்து உயரத்தை மதிப்பிடாதீர்கள். உயரமானியை நம்புங்கள்.

அப்புறம் டேக்-ஆஃப். சண்டைக்குப் போவதற்கு முன்பே பாதிப் பேர் ஓடுபாதையில் கவிழ்ந்துவிடுவார்கள். மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் பங்கா (ப்ரொப்பெல்லர்) விமானி பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசையும், அது சுழற்றிவிடும் காற்று வாலின் இடப்பக்கத்தில் அடிப்பதும் சேர்ந்து மூக்கை இடது பக்கம் இழுக்கும். த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, மெதுவாகக் கூட்டிக்கொண்டே வலது ரடர் (வாலில் இருக்கும் சுக்கான்) கொடுக்க வேண்டும். ஜெர்மன் போர் விமானமான பிஎஃப் 109-உம் இடது பக்கம்தான் இழுக்கும், சக்கரங்கள் வேறு நெருக்கமாக இருப்பதால் மன்னிக்கவே மன்னிக்காது. இதைப் பழகிக்கொண்டு பிற்கால க்ரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் ஏறினால் அங்கே பங்கா எதிர்ப்பக்கம் சுற்றும், மூக்கு வலது பக்கம் போகும்! பெயர் மட்டும்தான் அதே ஸ்பிட்ஃபயர்.

இந்த மாதிரி குணங்களுக்காகவே நான் இதில் ஊறிப்போனேன். 1940-இல் பிரிட்டன் மேல் நடந்த சண்டையில், ஜெர்மன் 109 சட்டென்று மூக்கை அமுக்கிக் கீழே பாயும். அதே மாதிரி ஸ்பிட்ஃபயர் பாய்ந்தால் கார்பரேட்டர் மிதவை நிலைகுலைந்து எஞ்சின் ஒரு நொடி திணறும். ஜெர்மன் எஞ்சினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் ஏற்பாடு இருந்ததால் அந்தச் சிக்கல் இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் 1941-இல் ஒரு சின்னத் துளைத் தகட்டைப் பொருத்தி இதைப் பெருமளவு சமாளித்தார். ஐஎல்-2 க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர் என்ற விளையாட்டில் ஆரம்பகால ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பாருங்கள், அந்தத் திணறல் காதில் கேட்கும். தலைகீழாகப் புரட்டிவிட்டு இழுத்தால் திணறாது. அன்றைய விமானிகளும் அப்படித்தான் செய்தார்கள்.

தரையிறங்கும்போது பக்கக்காற்று அடித்தால் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துப் பறக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் கருவாடு காயும் இடத்துக்கு மேல் செம்பருந்தைக் கவனியுங்கள்: பார்ப்பது ஒரு பக்கம், போவது ஒரு பக்கம். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ரடரால் மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இனி சாமான். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மலிவான ஜாய்ஸ்டிக்கில் இருப்பது உராய்ந்து வேலை செய்யும் பொட்டென்ஷியோமீட்டர். உப்புக்காற்று பட்டால் அது கெடும். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சோதனைப் பெட்டியைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் பாருங்கள். அந்தச் சின்னக் கூட்டல் குறி தானாகத் துடித்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் போவது பெரும்பாலும் முறுக்கிப் பயன்படுத்தும் ரடர்தான். டிவி மெக்கானிக் அடிக்கும் கான்டாக்ட் கிளீனர் கொஞ்ச நாள் தாங்கும், டெட்சோனை, அதாவது ஸ்டிக்கின் நடுவில் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாத இடத்தை, சற்றுக் கூட்டினால் இன்னும் கொஞ்ச நாள். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் அங்கே உராய்வு இல்லை. விளையாடி முடித்ததும் துணி போட்டு மூடுங்கள்.

கண்ணுக்கு உதவி வேண்டுமென்றால் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சாதாரண வெப்கேமே போதும், தலையைச் சற்றுத் திருப்பினால் காக்பிட்டில் பார்வை முழுசாகத் திரும்பும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த ஸ்டிக்கைவிட இதுதான் முதலில் வேண்டும்.

காசு போடுவதற்கு முன்னால் பிடிக்கிறதா என்று பார்க்க டிசிஎஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு விமானச் சிமுலேட்டரை இறக்கிக்கொள்ளுங்கள். அளவு பெரிது, மொபைல் டேட்டாவில் முயல வேண்டாம். டிஎஃப்-51டி முஸ்டாங்கும் சு-25டி-யும் அதில் இலவசம். முஸ்டாங்கில் ஆயுதமே கிடையாது. அதுவே நல்லது, சுடும் ஆசை இல்லாமல் ஏறி இறங்கப் பழகலாம். ஆன்லைன் வேண்டாம் என்றால் தனியாக ஓட்டும் மிஷன்களும் உண்டு, பிங் (இணையத் தாமதம்) பற்றிய கவலை இல்லை. கரன்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் ஒரு யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். அந்த முஸ்டாங்கைக் காற்றடிக்கும் வானிலையில் வைத்து ஒழுங்காக இறக்க வந்த பிறகு வார் தண்டர் சிமுலேட்டர் பக்கம் போங்கள்.