குழாயின் வாயில் நின்றுவிடும் ட்ரவுட்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அமெரிக்காவில் ட்ரவுட் மீன்களுக்காக, சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் குழாய்களைக்கூடப் பெயர்த்தெடுத்து மாற்றுகிறார்கள் என்று அறிந்தேன். அணை தடுக்கும் என்பது புரிகிறது. தண்ணீர் தாராளமாக ஓடும் குழாய் எப்படித் தடையாகும்?

பதில்: குழாய் பெரும்பாலும் ஓடையைவிடக் குறுகலாக இருக்கும் என்பதுதான் சிக்கலின் தொடக்கம். பத்தடி அகலத்தில் நிதானமாக வந்த தண்ணீர் நான்கடிக் குழாய்க்குள் நுழையும்போது வேகம் கூடி, மறுமுனையில் பாய்ந்து அங்குள்ள மண்ணை அரித்துப் பள்ளமாக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஓடையின் மட்டம் தாழ்ந்து, குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கத் தொடங்கிவிடும். கிழக்கு அமெரிக்க மலையோடைகளின் சொந்த மீனான புரூக் ட்ரவுட் பல இடங்களில் ஒரு சாண் அளவுக்கு மேல் வளர்வதில்லை. அத்தனை சிறிய மீன் அந்த உயரத்தைத் தாண்டிக் குதித்து உள்ளே நுழைந்தாலும், வழவழப்பான குழாய்க்குள் ஒதுங்கி இளைப்பாற ஒரு கல்கூட இல்லாததால், நீரின் வேகம் அதை வெளியே தள்ளிவிடுகிறது.

இது ஏதோ ஒரு மீன் மேலே போக முடியாத சின்னக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. புரூக் ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் உயிர். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்குகிறது. கோடையில் கீழ்ப்பகுதி சூடேறும்போது மரநிழலும் ஊற்றுநீரும் உள்ள மேல்பகுதிக்குப் போயாக வேண்டிய மீன், குழாயின் வாயிலேயே நின்றுவிடுகிறது. மேலே ஏற்கெனவே இருக்கும் மீன்களோ வெளியிலிருந்து புது வரவின்றித் தமக்குள்ளேயே இனம்பெருக்கி, தலைமுறைக்குத் தலைமுறை மரபு வளம் குன்றுகின்றன.

குழாயை எடுத்துவிட்டு, ஓடையைவிட அகலமான, அடிப்பக்கம் திறந்திருக்கும் வளைவுப் பாலத்தை அமைத்து, அதன் அடியில் கல்லும் மணலும் இயல்பாகக் கிடக்கும்படி விடுவதே இப்போது நல்ல முறையாகக் கருதப்படுகிறது. இதனால் மனிதருக்கும் நன்மை உண்டு. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மான்ட் மாநிலத்தின் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றபோது, கிரீன் மவுண்டன் தேசியக் காட்டில் இம்முறையில் கட்டப்பட்டிருந்த கடவைகள் தாக்குப்பிடித்து நின்றன.

கேள்வி (திருச்சி வாசகி): நூறு ஆண்டு அடைபட்டிருந்த ஆற்றில் அணையை இடித்துவிட்டால் மீன் திரும்புமா? தேங்கிய சேறெல்லாம் இறங்கி இருக்கிற மீனையும் கொன்றுவிடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதற்கு விடை சொல்லும் ஆறு வாஷிங்டன் மாநிலத்து எல்வா. 1913இல் ஒன்றும் 1927இல் ஒன்றுமாக அங்கே எழுந்த இரண்டு அணைகளிலும் மீன் ஏற வழி வைக்கப்படவில்லை. கடலிலிருந்து வரும் மீனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஆறு மட்டுமே எஞ்சியது. லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் பல்லாண்டுகள் போராடினார்கள். 1992இல் அணைகளை அகற்ற வழிவகுக்கும் சட்டம் வந்தது. இடிப்பு 2011 செப்டம்பரில் தொடங்கி 2014இல் முடிந்தது.

அணைகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 2.1 கோடி கனமீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. அதனால் ஒரே அடியாக உடைக்காமல் படிப்படியாக இறக்கினார்கள். மீன்கள் ஆற்றில் ஏறும் பருவங்களில் வேலையை நிறுத்தி வைத்தார்கள். அப்படியும் ஆறு சில ஆண்டுகள் கலங்கியே ஓடியது. ஆனால் அந்த வண்டலோடு சரளைக்கல்லும் இறங்கியது என்பதை மறக்கக் கூடாது. பெண் ட்ரவுட் சரளையில் வாலால் குழி பறித்து முட்டையிட்டு மூடும். கற்களின் இடுக்கில் ஊடுருவும் நீர்தான் முட்டைக்கு மூச்சுக்காற்றைக் கொண்டுவருகிறது. அணைக்குக் கீழே புதுச் சரளை வராமல் பெருங்கற்களே மிஞ்சியிருந்த ஆற்றுக்கு அது திரும்பக் கிடைத்தது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஸ்டீல்ஹெட்டின் கதை. அது தனி இனம் அன்று. கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பும் ரெயின்போ ட்ரவுட்தான். அணைகளுக்கு மேலே சிக்கி, தலைமுறைகளாகக் கடலையே காணாதிருந்த ரெயின்போ ட்ரவுட்டின் வழிவந்தவை, வழி திறந்ததும் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கின. அற்றுப்போனதாகவே எண்ணப்பட்ட கோடைக்கால ஸ்டீல்ஹெட் ஆற்றுக்குத் திரும்பி வந்தது. அருகிவரும் இனமாக 1999இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட புல் ட்ரவுட் (Bull trout) என்ற வேறொரு வகையும் மேல்நீருக்கும் கடலுக்கும் இடையே மறுபடி போய்வருகிறது.

கேள்வி (குன்னூர் வாசகர்): அப்படியானால் எங்கள் நீலகிரியிலும் ட்ரவுட் ஓடைகளின் தடுப்புகளை அகற்றலாமே?

பதில்: நீலகிரியில் ட்ரவுட் சொந்த மீன் அன்று. தூண்டில் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயர் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து, முதல் முயற்சிகள் தோற்ற பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்துப் பெருக்கியது அது. அதற்காக வழி திறப்பது, வந்தேறிய மீனுக்கு உள்ளூர் மீன்களின் கடைசிப் புகலிடத்தைக் காட்டிக்கொடுப்பதாக முடியலாம்.

அமெரிக்காவிலேயே எல்லாத் தடையையும் அகற்றுவதில்லை. கிழக்கில் நாம் பரிந்து பேசும் அதே புரூக் ட்ரவுட், மேற்கு மலைகளில் விடப்பட்டபோது அங்குள்ள கட்த்ரோட் ட்ரவுட்டை நெருக்கித் தள்ளியது. ரெயின்போவோ கட்த்ரோட்டோடு கலந்து அதன் தனி இனத்தன்மையையே அழிக்கிறது. அதனால் அங்கே சில ஓடைகளில் கீழிருந்து வேற்று மீன் ஏறாதபடி தடுப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் அருவிகளுக்கு மேலிருந்த ரெயின்போவை அகற்றிவிட்டு, அங்கே புரூக் ட்ரவுட்டை மீண்டும் குடியேற்றினார்கள். கீழிருந்து வருவதை அருவியே தடுத்துக்கொள்கிறது.

ஆகவே உங்கள் ஊர் ஓடையில் ஒரு தடுப்பைத் தொடும் முன், அதற்கு மேலே எந்த மீன்கள், கீழே எந்த மீன்கள் என்று மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே கணக்கெடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.